மண்ணின் குரலும் காசின் குரலும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறார். அங்கே வயல்காட்டில் பழங்காசு தேடுவது பலருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. "சார், வயலில் எங்கே வைத்தாலும் கத்துகிறது. கத்தலைக் குறைத்தால் ஒன்றுமே கேட்கவில்லை. எப்படி செட் பண்ணுவது?" என்று கேட்டிருந்தார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்றுதான் முதலில் தோன்றியது. யோசித்தால், இந்தக் கருவியின் 140 ஆண்டு வரலாறே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. அதனால் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

கருவி வேலை செய்யும் விதத்தை என்னோடு பணியாற்றிய இயற்பியல் ஆசிரியரிடம் மறுபடியும் கேட்டுத் தெளிந்துகொண்டேன். ஒரு கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் ஓடினால் அதைச் சுற்றி காந்தப்புலம் ஏறி இறங்கும். அது ஒரு காசின் மேல் பட்டால் காசுக்குள் சிறு சுழல் மின்னோட்டங்கள் உண்டாகும். அவை தம் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை எழுப்பும். அதை இன்னொரு சுருள் வாங்கி நம் காதுக்கு ஒலியாகத் தரும். அவ்வளவுதான். கோயில் வாசலில் போலீஸ்காரர் நம் சட்டைப்பை மேல் ஓட்டுகிற கருவியும் இதே வகைதான். அங்கே சிக்கல் இல்லை, ஏனென்றால் கருவிக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவே இருப்பது துணியும் காற்றும் மட்டும்.

முதல் சிக்கல் ஒரு மனிதரின் படுக்கையில் வந்தது. 1881 ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட், வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். ஒரு குண்டு உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலம். டெலிபோன் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், டேவிட் ஹியூஸ் என்பவர் 1879-இல் செய்த ஒரு கருவியை ஒட்டி, குண்டைத் தேடும் கருவி ஒன்றைச் செய்தார். சுருள்கள் ஒன்றையொன்று சரிக்கட்டி அமைதியாக இருக்கும். உலோகம் அருகில் வந்தால் அந்தச் சமநிலை குலைந்து டெலிபோன் காதுக்குழலில் ஒலி கேட்கும். உள்நாட்டுப் போரில் சுடப்பட்டு உடம்பிலேயே குண்டைச் சுமந்து வாழ்ந்த பழைய சிப்பாய்களிடம் சோதித்தும் பார்த்தார். வேலை செய்தது.

ஜனாதிபதியிடம் வேலை செய்யவில்லை. இரண்டு முறை வெள்ளை மாளிகைக்குப் போனார். இரண்டாம் முறை ஓர் இடத்தில் மட்டும் இல்லாமல் பரவலாக மங்கிய ஒலி கேட்டது. கார்ஃபீல்ட் படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன இன்னொரு மெத்தை இருந்தது பிறகுதான் தெரியவந்தது. அதைவிடப் பெரிய தடை தலைமை மருத்துவர் பிளிஸ். குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி, அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். செப்டம்பர் 19-ஆம் தேதி கார்ஃபீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது. பெல்லின் கருவியை மட்டும் குறை சொல்லும் பாடப்புத்தகங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

பின்னால் வந்தவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1930-களில் ஃபிஷர் என்ற பொறியாளர் அமெரிக்காவில் இதை விற்பனைப் பொருளாக்கினார். 1941-இல் ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி, புதைத்த கண்ணிவெடியைக் காட்டும் கருவியைச் செய்து, காப்புரிமை எதுவும் கேட்காமல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கொடுத்தார். 1942-இல் எல் அலமெய்ன் போரில் பாலைவனக் கண்ணிவெடி வயல்களைக் கடக்க அது உதவியது. எடை கிட்டத்தட்ட 14 கிலோ! போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட கருவிகளை வாங்கியவர்கள் அமெரிக்கப் பழைய போர்க்களங்களில் குண்டும் பொத்தானும் தேட ஆரம்பித்தார்கள். கண்ணிவெடி பெரியது. பொத்தானும் காசும் சிறியவை. அப்போதுதான் மண் என்கிற எதிரி முழுதாகத் தெரிந்தது.

சின்ன வயதில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டித் தெருமண்ணில் இழுத்துக்கொண்டு ஓடுவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? காந்தத்தில் மீசை மாதிரி கருப்புத்தூள் ஒட்டுமே, அதுதான் இந்தக் கதையின் வில்லன். மேக்னடைட் போன்ற இரும்புத் தாதுக்கள் மண்ணில் கலந்திருந்தால், கருவிக்குக் கீழே உள்ள நிலம் முழுவதும் பதில் சொல்லும். ஒரு காசின் பதில் அதற்குள் அமுங்கிப்போகும். இதில் ஒரு விசித்திரம். நெருப்பு எரிந்த மண்ணின் காந்தத்தன்மை கூடும். அடுப்பும் உலையும் குப்பைமேடுமாக மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடத்தில் மண் மேலும் தொல்லை தரும். காசு கிடைக்க வாய்ப்புள்ள இடமே கருவிக்குக் கஷ்டமான இடம்.

1970-களில் இதற்கு ஒரு வழி பிறந்தது. நல்ல உலோகத்தின் பதில் கொஞ்சம் தாமதித்து வரும். இரும்புத்தாது மண்ணின் பதில் ஏறக்குறைய உடனே வரும். அந்த நேர வித்தியாசத்தைப் பிடித்து, மண்ணின் பதிலை மட்டும் கழித்துவிடலாம். இதைத்தான் கிரவுண்ட் பேலன்ஸ் என்கிறார்கள். தம்பி, உன் கேள்விக்கு முதல் பதில் இதுதான். உலோகம் இல்லாத ஒரு சுத்தமான இடத்தைப் பார். சுருளை முழங்கால் உயரத்திலிருந்து தரையைத் தொடாத அளவுக்கு இறக்கு, ஏற்று, மறுபடி இறக்கு. இறக்கும்போது ஒலி கூடினாலோ குறைந்தாலோ சமநிலை வரவில்லை. ஏற்றினாலும் இறக்கினாலும் ஒரே சீராக முனகும் வரை திருகு. வயலின் அடுத்த மூலைக்குப் போனால் மறுபடியும் செய். ஒரே வயலில் மண் மாறும், நம் கிராமத்து விவசாயியைக் கேட்டால் சொல்வார்.

இரண்டாவது, சென்சிடிவிட்டியை உச்சத்தில் வைக்காதே. புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் செய்வது அது. கெட்ட மண்ணில் அதைக் கூட்டினால் மண்ணின் கூச்சல்தான் கூடும். குறைத்தால் காசு இன்னும் தெளிவாகக் கேட்கும். வகுப்பறையில் நான் குரலைத் தாழ்த்திப் பேசினால் கடைசி பெஞ்ச் அமைதியாகும் என்பது உனக்குத் தெரியுமே. சிறிய சுருள் மாட்டினால் அது ஒரே நேரத்தில் பார்க்கும் மண்ணின் அளவும் குறையும். மெதுவாக வீசு.

ஆஸ்திரேலியத் தங்க வயல்களின் செம்மண்ணில் இந்த வித்தையும் போதவில்லை. அங்கே 1990-களில் வேறு வழி வந்தது. தொடர்ந்து கத்துவதற்குப் பதிலாக ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, நிறுத்தி, மைக்ரோ விநாடிக் கணக்கில் காத்திருந்து கேட்பது. மண்ணின் பதில் பெரும்பாலும் சீக்கிரம் அடங்கும். உலோகத்தின் பதில் கொஞ்சம் நீடிக்கும். பொறுமையாகக் கேட்பவனுக்குக் கிடைத்த தங்கம் அது.

இனிதான் நான் கவலைப்படுகிற விஷயம். பெரும்பாலான கருவிகளில் டிஸ்கிரிமினேஷன் என்று ஒன்று இருக்கும். இரும்பின் பதில் ஒருவகை, வெள்ளிக்காசின் பதில் வேறுவகை. இரும்பு வந்தால் மௌனமாக இரு என்று கருவிக்குச் சொல்லிவிடலாம். ஆணிக்கும் லாடத்துக்கும் குனிந்து குனிந்து இடுப்பு வலிக்காமல் இருக்க வசதிதான். ஆனால் ஒரு துருப்பிடித்த ஆணிக்குப் பக்கத்தில் வெள்ளிக்காசு கிடந்தால், ஆணிக்காகக் கருவி வாய்மூடும்போது காசும் கேட்காமல் போகும். செங்குத்தாக நிற்கும் காசு, ஆழத்தில் கிடக்கும் காசு எல்லாம் தெளிவில்லாமல்தான் பேசும். மண்ணைக் கழிக்கலாம். அதற்கு மேல் கழிக்கக் கழிக்க வரலாறும் சேர்ந்து கழிந்துவிடும்.

2010 ஏப்ரலில் சாமர்செட்டில் ஃப்ரோம் ஊருக்குப் பக்கத்தில் டேவ் கிரிஸ்ப் என்பவருக்கு அப்படி ஒரு விநோதமான சிக்னல் வந்தது. அவர் மருத்துவமனையில் சமையல்காரர். தெளிவில்லை என்று தள்ளிவிடாமல் தோண்டினார். ஏறத்தாழ ஓரடி ஆழத்தில் களிமண்ணோடு ஒட்டிய ஒரு சிறு காசு, பிறகு இன்னும் சில, பிறகு ஒரு பானையின் வாய். அங்கே அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். நிறுத்தினார். குழியை மூடிவிட்டுத் தொல்லியலாளர்களுக்குத் தகவல் சொன்னார்.

அவர்கள் பானையை அடுக்கடுக்காகப் பிரித்து எடுத்தார்கள். மொத்தம் 52,503 ரோமானியக் காசுகள், சுமார் 160 கிலோ. பிரிட்டனைத் தனியாகப் பிரித்து 286 முதல் 293 வரை ஆண்ட கரௌசியஸ் என்பவனின் காசுகள் 700-க்கும் மேல். கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்த உண்டியல் என்றால் பின்னால் வந்த காசு மேலேதானே இருக்க வேண்டும்? கரௌசியஸின் காசுகளில் பெரும்பகுதி பானையின் பாதிக்கும் கீழே கிடந்தது. அப்படியென்றால் பானை ஒரே சமயத்தில் நிரப்பப்பட்டது. மெல்லிய பானை, நிரம்பிய பின் தூக்கினால் உடையும். ஆகவே பானையை முதலில் மண்ணில் இறக்கி, பிறகு காசைக் கொட்டியிருக்கிறார்கள். திரும்ப எடுக்கும் எண்ணமே இல்லாமல் தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கையாகவும் இருக்கலாம் என்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தினர் சொல்கிறார்கள். கிரிஸ்ப் ஆசையில் அள்ளி வாளியில் போட்டிருந்தால் காசு அத்தனையும் மிஞ்சியிருக்கும், இந்தக் கேள்வி மட்டும் பிறந்திருக்காது.

நம் பக்கத்தில் கருவி இல்லாமலே ஓர் உதாரணம் உண்டு. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே வெட்டு. ஒரு காசு மட்டும் நகைக்கடைக்குப் போயிருந்தால் யாரோ கீறிய பழைய காசு என்று உருக்கியிருப்பார்கள். மொத்தமும் ஒன்றாகப் பார்வைக்கு வந்ததால்தான் வேண்டுமென்றே வெட்டினார்கள் என்று தெரிந்தது. ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் தம்பிக்கு: நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வரப்பில்கூடக் கால் வைக்காதே. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் உள்ள நிலத்தில் கருவியை எடுத்தாலே குற்றம். 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதையல் என்று கருதத்தக்கது கிடைத்தால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். ஒற்றைக் காசாக இருந்தாலும் அங்குள்ள கண்டெடுப்புப் பதிவு அலுவலரிடம் காட்டு. கிடைத்த இடத்தைப் போனில் குறித்து வைத்துக்கொள்.

இதைப் படித்துவிட்டு ஆன்லைனில் கருவி விலை பார்க்கத் தொடங்கியிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு: வேண்டாம். இங்கே இருப்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மண்ணில் மறைந்திருந்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாகக் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பானை தட்டுப்பட்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வி.ஏ.ஓ.வுக்குப் போன் பண்ணுங்கள். பானைக்குள் கையை விடாதீர்கள்.