கட்டடத்திலிருந்து மேசைக்கு: இந்தியக் கணினிகளும் வெப்பமும்

பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கி, பின்னர் டிஃப்ராக் எனப் பெயர் பெற்ற கணினியில் ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஒவ்வொரு குழாயினுள்ளும் ஒரு மின்னிழை சூடேறியிருந்தால்தான் அது இயங்கும். ஆகவே வெப்பத்தைத் தவிர்க்கும் பேச்சுக்கே அங்கு இடமில்லை; அதை வெளியேற்றுவது மட்டுமே வினா. அந்த வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவர் கணக்குப் போட வந்த ஆய்வாளர் அல்லர், கட்டடத்தைப் பராமரித்த பொறியாளர்.

டிரான்சிஸ்டர் வந்த பின்னும் இந்த ஏற்பாடு நீடித்தது. பல்கலைக்கழகக் கணினி மையம் என்றாலே குளிரூட்டப்பட்ட அறை என்று பொருள்பட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையும் வழக்கம் தொண்ணூறுகள் வரை தொடர்ந்தது. அதைக் கருவறை மரியாதை என்று கேலி செய்வோர் உண்டு. ஆனால் தூசிக்கு அஞ்சியதில் மூடநம்பிக்கை ஏதுமில்லை.

1984 நவம்பரில் வந்த கணினிக் கொள்கைக்குப் பின் தனிமேசைக் கணினிகள் பெருகின. 8088, 80386 போன்ற செயலிகளுக்கு ஹீட்சிங்க் கூடத் தேவைப்படவில்லை. கூரை விசிறி சுழலும் சாதாரண அலுவலக அறையே போதும். குளிரூட்டிய அறை என்னும் நிபந்தனை தளர்ந்தது அப்போதுதான். பிறகு 486-இன் வேகமான வகைகளில் அலுமினியத் தகடுகள் ஏறின. பென்டியத்தில் விசிறியும் சேர்ந்தது. வெப்பம் திரும்பி வந்தது, குளிர் அறை திரும்பவில்லை. பொறுப்பு கட்டடத்திலிருந்து மேசைக்கு வந்துவிட்டதை எவரும் எவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் ஒரு சோதனையைக் காணொளியாக வெளியிட்டது. இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஹீட்சிங்கை அகற்றியதும் ஏ.எம்.டி.யின் அத்லான் புகைந்து கருகியது; பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தப்பியது. நாளடைவில் இத்தகைய தற்காப்பு எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாயிற்று. நல்ல முன்னேற்றம்தான். ஆயினும் பழுதின் முகம் அதனால் மாறிவிட்டது. முன்பு கருகிய வாடை வீசியது. இப்போது கணினி சற்று மந்தமாகிறது, அவ்வளவே.

2004-இல் வெளியான பிரெஸ்காட் வகைப் பென்டியம் 4-இன் உச்ச மாதிரிகள் 115 வாட் வெப்ப வரையறையைக் கொண்டிருந்தன. அவற்றுக்கான கேபினெட் வழிகாட்டுதலில் இன்டெல் கொண்ட கணக்கு இது: அறையின் வெப்பம் மிகுதியாகப் போனால் 35 டிகிரி செல்சியஸ், செயலியின் விசிறியை அடையும் காற்று 38 டிகிரி. நாக்பூரிலோ கான்பூரிலோ மே மாதப் பிற்பகலில் குளிரூட்டாத அறை இந்த எல்லையை எளிதில் தாண்டும். காற்றால் குளிரும் செயலி அந்தக் காற்றைவிடக் குளிர்ந்திருக்க இயலாது. அறை 5 டிகிரி ஏறினால் செயலியும் ஏறக்குறைய அவ்வளவே ஏறும். வெப்பச் சுவரில் முட்டிய இன்டெல், அதே ஆண்டு மே மாதத்தில் டெஜாஸ் என்னும் அடுத்த செயலியைக் கைவிட்டு, பல கருக்கள் கொண்ட செயலிகளின் பக்கம் திரும்பியது.

இன்றும் ஆய்வகங்களில் கோடையில் கணிப்பு இழுத்தடித்தால் முதலில் நிரலைச் சந்தேகிக்கிறார்கள், அடுத்து வைரஸை. இறுதியில் இயங்குதளத்தையே மீண்டும் நிறுவுகிறார்கள். பக்கத் தகட்டைத் திறந்து பார்ப்பவர் குறைவு. முழுச் சுமையில் வெப்பநிலையையும் கடிகார வேகத்தையும் ஒருசேரக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தகட்டைத் திறந்ததும் வெப்பம் கணிசமாக இறங்கினால் குறை கேபினெட்டின் காற்றோட்டத்தில் இருக்கிறது. இறங்காவிட்டால் ஹீட்சிங்கின் இடுக்குகளில் படிந்த தூசியையும், உலர்ந்த தெர்மல் பேஸ்ட்டையும், சரியாகப் பூட்டாத பிடிப்பு முனையையும் பார்க்க வேண்டும். டிசம்பரில் ஓட்டிய நிரலையும் மே மாதத்தில் ஓட்டிய நிரலையும் ஒரே அட்டவணையில் ஒப்பிடும் ஆய்வேட்டில், இயக்க நேரத்தை வினாடியின் மூன்றாம் தசமம் வரை தருகிறார்கள். அறையின் வெப்பநிலைக்கு அங்கே ஒரு பத்தி கூட இருப்பதில்லை.