பெண்ணின் கையில் ஒரு காப்பு: கீதா ராம்ஜியும் நுண்ணுயிர்க்கொல்லி ஆய்வின் வரலாறும்

ஆணுறை இல்லாமல் என்றால் கூலி கூடும். அணியச் சொல்லி வற்புறுத்தினால் ஆள் போய்விடுவான், சில வேளை அடியும் விழும். 1990-களில் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில், நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் பாலியல் தொழில் செய்த பெண்களின் நிலை இது. ஆணின் சம்மதத்தை எதிர்பார்க்காமல் பெண்ணே பயன்படுத்தக்கூடிய எச்.ஐ.வி. தடுப்பு, அதாவது நுண்ணுயிர்க்கொல்லி, வேண்டும் என்ற தேடல் இத்தகைய வாழ்க்கைகளிலிருந்து பிறந்தது. அத்தேடலுக்குத் தன் ஆய்வு வாழ்வையே கொடுத்தவர் கீதா ராம்ஜி.

1956-இல் உகாண்டாவில் பிறந்தவர். இடி அமீன் ஆட்சியில் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் படித்து, திருமணத்துக்குப் பின் டர்பனில் குடியேறினார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு குழந்தைகளின் சிறுநீரக நோய் பற்றியது. 1994-இல் அதை முடித்த பிறகே எச்.ஐ.வி. பக்கம் திரும்பினார்.

முதலில் கைக்கொண்ட பொருள் நானாக்சினால்-9. விந்தணுக்கொல்லியாகப் பல ஆண்டுகள் கடைகளில் விற்றது; ஆய்வுக்கூடத்தில் எச்.ஐ.வி.யையும் கொன்றது. அதைச் சேர்த்த ஜெல்லை பெனின், ஐவரி கோஸ்ட், தாய்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் பாலியல் தொழிலாளர்களிடம் சோதித்தார்கள். தென்னாப்பிரிக்கப் பகுதியை நடத்தியது ராம்ஜியின் குழு. 2000 ஜூலையில் டர்பனிலேயே கூடிய உலக எய்ட்ஸ் மாநாட்டில் முடிவு வெளியானது. நானாக்சினால் ஜெல் பயன்படுத்தியவர்களில் 59 பேருக்கும், அது கலக்காத ஜெல் பயன்படுத்தியவர்களில் 45 பேருக்கும் தொற்று. வைரஸை அழிக்கும் அதே பொருள், அடிக்கடி பயன்படுத்தும்போது பெண்ணுறுப்பின் மெல்லிய உட்படலத்தையும் அரித்துவிடுகிறது. அரித்த இடம் வைரஸுக்கு வாசலாகிறது. சோதனைக் குழாயில் கிடைத்த வெற்றியை உடலின் வெற்றியாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதைவிடக் கசப்பான சான்று குறைவு.

பிறகும் தோல்விகளே தொடர்ந்தன. செல்லுலோஸ் சல்ஃபேட் ஜெல் ஆய்வு 2007-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு கராகார்டும், 2009-இல் 9,385 பெண்களிடம் சோதித்த புரோ 2000 ஜெல்லும் தொற்றைத் தடுக்கவில்லை.

திருப்பம் 2010-இல் வந்தது. வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் டெனோஃபோவிர் மருந்தை ஜெல்லில் சேர்த்து, ஆய்வாளர்கள் குவாரைஷா அப்துல் கரீமும் சலீம் அப்துல் கரீமும் குவாசுலு-நேட்டாலில் 889 பெண்களிடம் நடத்திய ஆய்வில் தொற்று 39 விழுக்காடு குறைந்தது. ஆனால் 2013-இல் வெளியான வாய்ஸ் ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டிவைத்தது. ராம்ஜியும் முக்கியப் பங்கு வகித்த அந்த ஆய்வில் 5,029 பெண்கள் சேர்ந்திருந்தனர். தங்களுக்குத் தரப்பட்ட மாத்திரையையோ ஜெல்லையோ ஏறக்குறைய தவறாமல் பயன்படுத்துவதாகவே சொன்னார்கள். இரத்தத்தைச் சோதித்தபோது முப்பது விழுக்காடு அல்லது அதற்கும் குறைவான மாதிரிகளிலேயே மருந்து இருந்தது.

அந்தப் பெண்கள் பொய் சொன்னார்கள் என்று எழுதிவிட்டு நகர்வது அநியாயம். எச்.ஐ.வி. மருந்து வீட்டில் இருந்தாலே நோயாளி என்று பெயர் வந்துவிடும் சூழலில், தினமும் நினைவாக எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்தை அவர்களில் பலரால் ஒளித்து வைத்து வாழ முடியவில்லை. தவறு மருந்தின் வடிவத்தில் இருந்தது என்பதே என் துணிபு. அடுத்த கட்ட ஆய்வுகள் இதற்கு ஓரளவு வலு சேர்க்கின்றன.

மாதம் ஒருமுறை பெண்ணே உள்ளே பொருத்திக்கொள்ளும், டபிவிரின் மருந்து கொண்ட சிலிக்கோன் வளையம் அத்தகைய வேறொரு வடிவம். 2016-இல் வெளியான ஆஸ்பயர் ஆய்வில் அது தொற்றை 27 விழுக்காடு குறைத்தது. சீராகப் பயன்படுத்தாத 21 வயதுக்குட்பட்ட பெண்களிடம் மட்டும் பலன் தெரியவில்லை.

வளையம் அங்கீகாரம் பெறுவதை ராம்ஜி பார்க்கவில்லை. 2020 மார்ச் 31 அன்று கோவிட் தொற்றால் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய மருந்து முகமை வளையத்துக்குச் சாதகமான கருத்தை வழங்கியது. 2021 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது.

ஒளிக்கவோ தினமும் நினைவு வைத்துக்கொள்ளவோ தேவையில்லாத மருந்து 2024-இல் சோதனையில் வென்றது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகபவிர் ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும், அதாவது ராம்ஜி உழைத்த மண்ணிலும் பிறந்த மண்ணிலும், 16 முதல் 25 வயது வரையிலான பெண்களிடம் அதைச் சோதித்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை.