அலறச் சொன்ன மருத்துவர்கள்: ஃபேனி பர்னியின் 1812ஆம் ஆண்டுக் கடிதத்தில் வலி மேலாண்மை

மயக்க மருந்தான ஈதர் வந்த 1846க்கு முன்பு அறுவைக்கூடத்தில் வலிக்கென்று எந்த ஏற்பாடும் இல்லை, நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டார், மருத்துவர் கையை விரைவாக ஓட்டினார், அவ்வளவே என்றொரு பார்வை இன்னும் செல்வாக்குடன் இருக்கிறது. அதற்கு அடிக்கடி சான்றாகக் காட்டப்படும் ஆவணமே அதை மறுக்கிறது என்பது என் கருத்து. 1811 செப்டம்பர் 30 அன்று பாரிசில் தமக்கு நடந்த மார்பக அறுவை பற்றி நாவலாசிரியை ஃபேனி பர்னி, மறு ஆண்டு தம் அக்கா எஸ்தருக்கு எழுதிய கடிதம் அது.

கத்தி பட்டதும் தொடங்கிய அலறல் கீறல் முடியும்வரை ஓயவில்லை என்று பர்னி எழுதுகிறார். மன உறுதி உடைந்து, மொழியும் கைவிட்ட கணமாகவே இவ்வரியை வாசிக்கத் தோன்றும். ஆனால் கடிதத்தில் சில பக்கங்கள் பின்னால் போனால், அந்த அலறல் முன்பே பேசி வைக்கப்பட்டது தெரிகிறது. மிகுந்த வேதனை இருக்கும் என்பதை, மருத்துவர்களில் ஒருவரான துபுவா அறுவைக்கு முன்பே மறைக்காமல் சொல்லிவிடுகிறார். அழுகையை அடக்கினால் விபரீதமாகும், வாய்விட்டு அழ வேண்டும் என்று மருத்துவர் ரீப் கண்டிப்பாகச் சொல்கிறார். இன்னொரு மருத்துவரான மொரோ அதை வழிமொழிந்து, மகன் அலெக்சாண்டர் பிறந்தபோது அலறினீர்களா என்று கேட்கிறார். வேறு வழியிருக்கவில்லை என்கிறார் பர்னி. அப்படியானால் பயமில்லை என்பது மொரோவின் பதில். இது ஆறுதல் பேச்சு அன்று. நோயாளி வலியை எப்படி எதிர்கொள்பவர் என்று முன்கூட்டியே அறியும் விசாரணை. (துபுவா அவ்வாண்டு மார்ச்சில்தான் நெப்போலியனின் மகன் பிறந்த பிரசவத்தைப் பார்த்திருந்தார். பிரசவ அறையின் அனுபவம் இந்த அறைக்குள் வந்திருப்பதில் வியப்பில்லை.)

அறுவையன்று மருந்தாகக் கடிதம் குறிப்பிடுவது ஒயின் கலந்த ஊக்கபானம் மட்டுமே. ஆகவே அலறுவதற்கான அனுமதியை வலி தணிக்கும் முறையாகவே கொள்ள வேண்டும் என்கிறேன். அது வலியைக் குறைத்ததா என்பது வேறு கேள்வி. அதற்குக் கடிதத்தில் விடை இல்லை.

ஏற்பாடுகள் எல்லாம் பலித்துவிடவில்லை. முகத்தை மூடிய கைக்குட்டை மெல்லியது. அதனூடே ஏழு ஆண்களையும் எஃகின் மினுக்கத்தையும் அவர் பார்த்துவிடுகிறார். மார்பைப் பிடிப்பது யார் என்று அறுவை செய்யும் மருத்துவர் லாரே கேட்கிறார். எவரும் வாய் திறக்கவில்லை. பர்னி எழுந்து, நானே பிடிக்கிறேன் என்கிறார். நிலைகுலைந்தவர் செய்யும் காரியமா இது?

ஒன்பது மாதம் கழித்து நாவலாசிரியை எழுதியதை எப்படி நம்புவது என்பர். தேர்ந்த எழுத்தாளர் என்பதாலேயே ஒரு சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது. லாரேயின் மாணவர் எழுதிய மருத்துவ அறிக்கையின் படியும் கடிதத்தோடு சேர்ந்திருக்கிறது.

அந்த ஒன்பது மாதம்தான் அறுவைக்குப் பிந்தைய வலிக்குச் சான்று. எழுதத் தொடங்கிய பின்னும் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறார். விவரிக்கையில் தலை வலிக்கிறது. எழுதியதைத் திரும்பப் படிக்கத் துணிவில்லை. மார்பக அறுவைக்குப் பின் நீடிக்கும் நரம்புவலி என்று இன்றைய மருத்துவப் பெயரை இதற்குச் சூட்ட மாட்டேன். தழும்பு வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நினைவு வலிக்கிறது என்றே சொல்கிறார். அறுவைக்கு முன் அவ்வளவு யோசித்த மருத்துவர்கள், இந்த வலிக்கு எதுவும் சொல்லி வைத்ததாகக் கடிதத்தில் இல்லை.