இரண்டு டிசம்பர் 25

தினசரிக் காலண்டரில் டிசம்பர் 25ஆம் தேதித் தாளைப் பாருங்கள். கிறிஸ்துமஸ், அரசு விடுமுறை, ராகுகாலம், எமகண்டம் எல்லாம் இருக்கும். நம்முடைய இரண்டு சேதிகள் மட்டும் இருக்காது. ஒன்று 1927, மகாடு. மற்றொன்று 1968, கீழவெண்மணி. இரண்டு நாளும் நெருப்பு எரிந்தது. யார் மூட்டியது, எது எரிந்தது என்பதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் மகாடு நகராட்சி, சவுதார் குளத்தை எல்லோருக்கும் பொது என்று 1924இலேயே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் தாளோடு சரி. மாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம், நம்ம ஜனங்க குடிச்சா தீட்டு. 1927 மார்ச்சில் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். சாதி இந்துக்கள் அவர்களை அடித்தார்கள். பிறகு 108 குடம் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். சாணியும் மூத்திரமும் சுத்தம், மனுசன் கை அசுத்தம்!

டிசம்பரில் மறுபடியும் மாநாடு. பந்தல் போட ஊரார் இடம் தரவில்லை. ஃபத்தேகான் என்ற முஸ்லிம் தன் நிலத்தைக் கொடுத்தார். குளத்தில் இறங்கக் கூடாதென்று கோர்ட்டில் தடை வாங்கியிருந்தார்கள். ஆனால் 25ஆம் தேதி இரவு, குழி வெட்டிச் சந்தனக்கட்டை அடுக்கி, மனுஸ்மிருதியை எரித்தார்கள். தீர்மானத்தை முன்மொழிந்த சகஸ்ரபுத்தே பிறப்பால் பிராமணர். அந்தத் தீயில் ஒரு உயிர் போகவில்லை. குளம் பொதுக்குளம்தான் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்ல 1937 ஆனது.

சூத்திரன் சொத்துச் சேர்க்கக் கூடாதென்பது மனு சொன்ன சட்டம். சூத்திரனுக்கே அப்படியென்றால் சேரிக்காரனுக்கு? நாற்பத்தோரு வருசம் கழித்துத் தஞ்சை மண்ணில் பதில் கிடைத்தது.

கீழவெண்மணி அன்று தஞ்சை மாவட்டம், இன்று நாகப்பட்டினம் மாவட்டம். சாட்டையடியும் சாணிப்பாலும் கண்ட பண்ணையாட்கள் செங்கொடி ஏற்றினார்கள். கூலியில அரைப்படி நெல்லு கூடக் கேட்டாங்க. நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்திருந்த மிராசுதாரர்கள், கொடியை இறக்கு என்றார்கள். இறக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு அடியாட்கள் வந்தார்கள். ஓட முடியாத பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும் ராமய்யாவின் குடிசைக்குள் ஒடுங்கினார்கள். வெளியே தீ வைத்தார்கள். 44 பேர்.

நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட்டு கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட எட்டுப் பேருக்குச் சிறைத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. இவர்கள் பணக்காரர்கள், நிறைய நிலமுள்ளவர்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றது தீர்ப்பு. கார் இருந்தா கொலை பண்ண மாட்டாங்களாம்.

இலக்கியம் என்ன செய்தது? இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவல், மிராசுதாரரின் வெறிக்கு அவருடைய ஆண்மைக்குறையைக் காரணமாக்கியது. 1977இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. அரைப்படி நெல் எங்கே போச்சு? சாதி எங்கே போச்சு?

தோழர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. வருசந்தோறும் வெண்மணியில் கொடியேற்றி வீரவணக்கம் செலுத்துகிறீர்கள். அந்தச் சங்கத்தைக் கட்டியது நீங்கள், அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் இறந்தவர்களை 'விவசாயத் தொழிலாளர்கள்' என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதானே? கூலி கேட்டதில் பல சாதிக்காரர்கள் உண்டு. எரிந்தது சேரி.

மகாடை வெறும் தண்ணீர்ச் சண்டை என்றும் வெண்மணியை வெறும் கூலிச் சண்டை என்றும் சுருக்குகிறவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றே: தண்ணிய மறிச்சதும் சாதி, கூலிய மறிச்சதும் சாதி. இந்த டிசம்பர் 25 அன்று நம் தெருவில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைப்போம். 44 பேருடைய பெயரையும் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்போம். எத்தனை நேரம் ஆகிறதென்று அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.