வழிவிடும் நகரம்: மும்பை மாரத்தான் கடந்து வந்த பாதை

செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூர் மண். அந்தச் சமஸ்தானத்துக்குத் தனித் தபால் துறை உண்டு. அதன் பெயரே அஞ்சல். 1951-இல் அது இந்தியத் தபால் துறைக்குள் கரைந்தது. கடிதப் பையைச் சுமந்து ஓடிய அஞ்சலோட்டக்காரரின் கையில் மணி கட்டிய கோல் இருக்கும். மணிச் சத்தம் கேட்டால் எதிரில் வருகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஓடும்வரை சாலை அவருடையது. பிறகு ரயில் வந்தது, மோட்டார் வந்தது, சாலையின் நடுப்பகுதி காலால் போகிறவனின் கையை விட்டுப் போயிற்று.

மாரத்தானின் வரலாற்றை வெற்றியாளர் பட்டியலாகவும் நேரக் கணக்காகவும் எழுதுவதே வழக்கம். அந்தக் கணக்கு இங்கேயும் வரும். ஆனால் மும்பை மாரத்தான் வளர்ந்த கதையில் எனக்கு முதன்மையாகப்படும் கேள்வி வேறு: ஒரு பெருநகரம் எப்போது, யாருக்காக, எவ்வளவு தூரம் வழிவிட்டது?

இந்தக் கேள்விக்கு முன்கதை நியூயார்க்கில் இருக்கிறது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கைப் பார்த்துவிட்டு 1897-இல் பாஸ்டன் தொடங்கிய ஓட்டத்தில் புறப்பட்டவர்கள் 15 பேர். இன்று நாம் சொல்லும் 42.195 கிலோமீட்டர் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம். 1921-இல்தான் அது பொது அளவாயிற்று. 1970-இல் நியூயார்க் தன் முதல் மாரத்தானை நடத்தியபோது 127 பேர் புறப்பட்டு 55 பேர் முடித்தார்கள். அவர்கள் ஓடியது நகரச் சாலையில் அல்ல, சென்ட்ரல் பூங்காவுக்குள் சுற்றிச் சுற்றி. 1976-இல் ஓட்டம் பூங்காவை விட்டு வெளியேறி நகரின் ஐந்து பகுதிகளையும் தொட்டது. நகர மாரத்தான் என்ற வடிவம் உண்மையில் பிறந்தது அந்த ஆண்டில்தான் என்பேன். 1979-இல் அதில் ஓடிப் பார்த்த கிறிஸ் பிராஷர் ஊர் திரும்பி, ஜான் டிஸ்லியோடு சேர்ந்து 1981-இல் லண்டன் மாரத்தானைத் தொடங்கினார்.

இந்தியாவில் நெடுந்தூர ஓட்டம் அதற்கு முன்பே இருந்தது, கூட்டம்தான் இல்லை. பதேப்பா சௌகுலே 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடி 19-ஆவதாக வந்தார். ராணுவ வீரர் சிவ்நாத் சிங், வெறுங்காலோட்டத்துக்குப் பேர்போனவர், 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிய தேசிய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. ஆண்டுதோறும் வெளிநாட்டு வீரர்களை அழைத்து நகரச் சாலையில் நடத்தும் வழக்கத்தை 1983-இல் சுரேஷ் கல்மாடி புனேயில் நிலைநாட்டினார். புனேக்கு உரிய இந்த முன்னுரிமையை மும்பையின் பளபளப்பில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மும்பையின் முதல் ஓட்டம் 2004 பிப்ரவரி 15, ஞாயிறு. நடத்தியது அனில் சிங், விவேக் சிங் சகோதரர்களின் புரோகேம் நிறுவனம். பெயர் கொடுத்தது ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி. சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தின் முன்னால் புறப்பட்டுக் கடற்கரைச் சாலை வழியே பாந்த்ரா வரை போய்த் திரும்பும் பாதை. வென்றவர் தென்னாப்பிரிக்காவின் ஹெண்ட்ரிக் ரமாலா, நேரம் 2:15:47. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கிலும் அவரே வென்றார்.

வென்றவரைவிட நகரத்துக்கு நெருக்கமானது, கூடவே நடந்த ‘கனவு ஓட்டம்’. ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். நேரக் கணக்கு கிடையாது. நடக்கலாம், வேடம் கட்டலாம், பதாகை பிடிக்கலாம். நம் பக்கத்தில் ஐந்து கிலோமீட்டர் விழிப்புணர்வு ஓட்டத்துக்கும் சுவரொட்டியில் ‘மாரத்தான்’ என்று அச்சடிப்பதைக் கண்டு தூரக் கணக்குக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மும்பையும் அதைத்தான் செய்தது, கொஞ்சம் நாகரிகமாக. முழுத் தூரம் ஓடும் சிலருக்காக மட்டும் எந்த நகரமும் நெடுநாள் சாலையை அடைக்காது. ஓடத் தெரியாத ஆயிரக்கணக்கானோர் சேர்ந்ததால்தான் அடைப்பு ஆண்டு வழக்கமாயிற்று. தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டுவதும் அதே வாசலில் நுழைந்தது.

2009-இல் இந்த வழக்கத்துக்குச் சோதனை வந்தது. 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்த இடங்களில் ஒன்று, ஓட்டம் புறப்படும் அந்த ரயில் நிலையம். அங்கே மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடற்கரைச் சாலையின் தென்முனையில் இருந்த ஓபராய் ட்ரைடென்ட் விடுதியும் தாக்கப்பட்டது. மாரத்தானின் தொடக்கமும் முடிவும் அதே வட்டாரம். ஒத்திவைக்கக் காரணம் தேடவே வேண்டாம். ஆனாலும் 53 நாள் கழித்து, 2009 ஜனவரி 18 அன்று, ஓட்டம் குறித்தபடி நடந்தது. கென்யாவின் கென்னத் முகாரா வென்றார். பந்தயக் கணக்கில் அது மற்றுமோர் ஆண்டுதான். ஒரு தனியார் ஏற்பாட்டை நகரம் தன் விழாவாக ஏற்றுக்கொண்ட நாள் எதுவென்று கேட்டால், நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வேன்.

அதே ஆண்டு ஜூன் 30 அன்று பாந்த்ரா–வொர்லி கடற்பாலம் திறக்கப்பட்டது. அதில் பாதசாரிக்கு அனுமதி இல்லை. மிதிவண்டி, இருசக்கர வாகனம், ஆட்டோ எதுவும் ஏற முடியாது. 2010 முதல் மாரத்தான் பாதை அதன்மேல் போகிறது. கால்களை விலக்கிவைத்துக் கட்டிய பாலத்தில் ஆண்டுக்கு ஒரு காலையில் கால்கள் மட்டும். முழுத் தூரக்காரர்கள் பாலத்தைக் கடந்து பாந்த்ரா சுற்றி, மாகிம் வழியாகத் திரும்புகிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் குடியேறிய தாராவி அங்கிருந்து கூப்பிடு தூரம். கடைசிக் கட்டத்தில், ஏறத்தாழ 35-ஆவது கிலோமீட்டரில், பெடர் சாலை ஏற்றம். செங்கோட்டையை அடுத்த ஆரியங்காவு மலைப்பாதையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது மேடாகவே தோன்றாது. ஆனால் 35 கிலோமீட்டர் ஓடிவிட்டு வருகிற முழங்காலுக்கு ஊர்ப்பெருமை தெரியாது.

ஜனவரி வெயிலும் கடற்காற்றின் ஈரமும் இருந்தும் நேரங்கள் குறைந்தன. கென்யாவின் வாலண்டைன் கிப்கேட்டர் 2013-இல் பதித்த 2:24:33 பெண்கள் பிரிவில் பத்தாண்டு நின்றது. 2020-இல் வென்ற எத்தியோப்பிய வீரர் தெராரா ஹுரிசா இரவல் காலணியில் ஓடினார், நேரம் 2:08:09.

இந்தியர்களுக்குத் தனிப் பரிசுப் பட்டியல் தொடக்கத்திலிருந்தே உண்டு. அதைச் சலுகை என்று சிலர் குறைசொல்வதுண்டு. 2016-ஐ அவர்கள் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு இந்தியர்களில் முதலாவது நிதேந்திர சிங் ராவத், 2:15:48. அவருக்கு வேகம் பிடித்துக் கொடுக்கவென்று இறங்கியவர் வயநாட்டுக்காரரான ராணுவ வீரர் டி. கோபி. பாதியில் விலக வேண்டிய கோபி விலகவில்லை. 2:16:15-இல் முடித்து ரியோ ஒலிம்பிக்குக்கும் தகுதி பெற்றார். மறு ஆண்டு சீனாவின் டோங்குவானில் ஆசிய மாரத்தான் பட்டத்தை வென்றார். அங்கே அவர் எடுத்த நேரமும் 2:15:48. பெண்கள் பிரிவில் சுதா சிங் 2019-இல் 2:34:56-இல் ஓடி இந்தியர்களுக்கான பாதைச் சாதனையை எழுதினார். அவர் ஒலிம்பிக்குக்குப் போனது 3,000 மீட்டர் தடையோட்டத்தில். மாரத்தானுக்கு வந்தது பிற்பாடு.

2018-இல் பெயர் டாடா மும்பை மாரத்தான் என மாறியது. 2021, 2022 இரண்டு ஜனவரிகளிலும் கொரோனா காரணமாக ஓட்டம் இல்லை. 2023 ஜனவரி 15 அன்று திரும்பி வந்தபோது ஒரே காலையில் இரண்டு பாதைச் சாதனைகளும் போயின: ஆண்களில் எத்தியோப்பியாவின் ஹைலே லெமி 2:07:32, பெண்களில் அதே நாட்டின் அஞ்சாலெம் ஹேமனோட் 2:24:15. ரமாலாவின் முதல் நேரத்திலிருந்து எட்டே கால் நிமிடம் குறைந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2006-இல் உருவான சென்னை ரன்னர்ஸ் குழு 2012 முதல் ஆண்டு மாரத்தான் நடத்திவருகிறது. தானே நெடுந்தூர ஓட்டக்காரரான மா. சுப்பிரமணியன் முன்னின்று நடத்தும் கலைஞர் நினைவு பன்னாட்டு மாரத்தான் 2020-இல் இணையவழி தொடங்கி, 2023 ஆகஸ்ட் 6 அன்று சாலைக்கு இறங்கியது. ஆனால் இங்கே உலகத் தர ஓட்டக்காரர்கள் ஆண்டுதோறும் வந்துசேரும் வழக்கம் மும்பையைப் போல் வேர்விடவில்லை. அது வேர்விடும்வரை சென்னையின் ஓட்டங்களை மக்கள் ஓட்டம் என்று சொல்வதே சரி.

மும்பையில் கடைசி ஓட்டக்காரர் போனதும் கடற்பாலத்தின் தடுப்புகள் எடுக்கப்படுகின்றன. மறு ஜனவரி வரை அங்கே பாதசாரிகளுக்கு அனுமதி இல்லை.