கழிவு மேலாண்மைக் கல்வி: புளியங்குடி

தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள புளியங்குடி, எலுமிச்சைச் சாகுபடிக்கும் எலுமிச்சைச் சந்தைக்கும் பெயர்பெற்ற நகராட்சி. இத்தகைய ஊரில் கழிவு மேலாண்மையைப் புதிதாகக் கற்பவர், நெகிழி மறுசுழற்சிக்கு முன் மட்கும் குப்பையைப் பயில்வதே முறை. இந்திய நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி உணவு மிச்சமும் காய்கறி, பழக் கழிவும் இலைதழையுமே. அவை உரமானால் ஏற்றுக்கொள்ளும் தோட்டங்களும் ஊரைச் சுற்றியே இருக்கின்றன.

முதலில் படிக்க வேண்டியது நடப்பிலுள்ள திடக்கழிவு மேலாண்மை விதிகள். சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா படேல் நகரக் குப்பை குறித்து 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் விளைவாக 2000இல் வந்த விதிகளுக்கு மாற்றாக 2016இல் புதிய விதிகள் வந்தன. மட்கும், மட்காத, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை வீட்டாரின் கடமையாக்கியவை அந்த 2016 விதிகளே. செய்முறைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தமிழில் தரும் மட்கு உர, மண்புழு உரக் குறிப்புகள் போதும். கரிமமும் தழைச்சத்தும் சுமார் 30க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும், ஈரம் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பவை அடிப்படைப் பாடங்கள். எலுமிச்சைத் தோலை மண்புழுத் தொட்டியில் நேரடியாகக் கொட்டினால் அதன் புளிப்பும் எண்ணெயும் புழுக்களுக்கு ஆகாது. சாணமும் சருகும் கலந்து முன்மட்கச் செய்த பிறகே இட வேண்டும். கேட்டறிய ஊர்மேலழகியான் வேளாண் அறிவியல் நிலையமும், நகராட்சிகளின் நுண் உர மையங்களும் உள்ளன.

நெகிழிதான் நெடுங்காலம் அழியாமல் கிடக்கிறது, அதைப் பின்தள்ளலாமா என்ற கேள்வி எழும். தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தடைசெய்ததற்கும் அதுவே காரணம். ஆனால் குழம்பும் சோறும் ஒட்டிய பையைப் பழைய இரும்புக்கடை வாங்குவதில்லை. ஈரக் குப்பை பிரிந்தால்தான் தாளும் நெகிழியும் விலைபோகும். நகராட்சி உரத்தில் கண்ணாடித் துண்டும் உலோக நஞ்சும் இருக்கும் என்ற விவசாயிகளின் தயக்கமும் நியாயமானதே. நகர உரத்தில் கன உலோகங்களுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையே வரம்பு விதித்திருக்கிறது. எனினும் அந்தக் குறை கலந்த குப்பையிலிருந்து எடுத்த உரத்துக்கே பெரிதும் உரியது. ஆகவே தொடக்கக் கல்வியின் முதல் பாடம், வீட்டில் இரண்டு கூடைகள் வைத்து மட்குவதையும் மட்காததையும் பிரிப்பதே. அபாயக் கழிவுக்குத் தனிப் பை போதும்.