கேளாமல் பிடித்த காசு

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம், ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த எத்தனையோ கிராமங்களில் ஒன்றாக நெடுங்காலம் இருந்துவிட்டு, இன்று சிப்காட் தொழிற்பூங்காவின் பெயராகவே வெளியூராருக்கு அறிமுகமாகிறது. கைப்பேசியின் முகப்புக் கண்ணாடியைத் தயாரிக்கும் ஆலை ஒன்றை அங்கே 1,003 கோடி ரூபாய் முதலீட்டில் நிறுவுவதற்குக் கார்னிங் நிறுவனமும் அதன் இந்தியக் கூட்டாளியும் 2024-இல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆயினும் இவ்வட்டாரத்துக்கும் கைப்பேசிக்கும் உள்ள சம்பந்தம் அதற்கு மிகவும் முந்தியது. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பர் 1 அன்று கதவடைத்த நோக்கியா ஆலையில், உச்ச காலத்தில் நேரடியாகச் சுமார் 8,000 பேர், அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்த இளம்பெண்கள், கோடிக்கணக்கான கைப்பேசிகளைச் செய்து உலகுக்கு அனுப்பினார்கள். அந்த வருஷங்களேதான், ‘பேலன்ஸில் காசு பிடித்துவிட்டான்’ என்ற முறையீடு தேசமெங்கும் ரீசார்ஜ் கடை வாசல்களில் அன்றாடம் ஒலித்த வருஷங்களும்.

செய்தி அனுப்புவதற்குக் காசு கொடுப்பது நமக்குப் புதிய வழக்கமல்ல. தந்தி ஆபீஸில் படிவத்தை நீட்டினால், குமாஸ்தா ஒவ்வொரு சொல்லாகப் பேனா முனையால் தொட்டு எண்ணி, இத்தனை சொல்லுக்கு இவ்வளவு என்று சொன்ன பிறகே பணத்தை வாங்குவார். ஒரு சொல்லைக் குறைத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று அங்கேயே நின்று யோசித்து, அடித்துத் திருத்தி எழுதியவர்கள் அநேகர். பின்னர் 1980-களின் இறுதியிலிருந்து ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தபோது, கண்ணாடிக் கூண்டுக்குள் பேசுகிறவரின் கண்ணெதிரே சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே போயின; கையில் இருக்கும் தொகையை அந்த எண் நெருங்கியதும், தாயோடு பேசுகிறவராயினும் ‘வைக்கிறேன் அம்மா’ என்று முடித்துக்கொண்டார். கொடுப்பவருக்கு எதிரிலேயே கணக்கு நடந்தது என்பதே இவ்விரண்டு ஏற்பாடுகளிலும் நான் மிக உயர்வாக மதிக்கும் அம்சம்.

1995-இல் இந்தியாவுக்கு வந்த கைப்பேசி, அழைப்பவரிடம் மட்டுமன்றி அழைக்கப்படுபவரிடமும் கட்டணம் வாங்கிய பணக்காரச் சாதனமாக இருந்தது. 2003-இல் உள்வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் நீங்கி, பத்து ரூபாய்க்கும் ரீசார்ஜ் உண்டு என்ற நிலை வந்த பிறகே அது சாமானிய ஜனங்களின் கைக்கு வந்தது. ஆனால் முன்பணம் செலுத்தும் இம்முறையில், கொடுத்த காசு முழுவதும் கம்பெனியின் வசத்திலேயே இருந்தது. கணக்கெழுதியதும் கழித்துக்கொண்டதும் அக்கம்பெனியே.

இந்த நிலத்தில்தான் சந்தா வியாபாரம் வேர் பிடித்தது. 2004 வாக்கில் பரவத் தொடங்கிய காலர் ட்யூனுக்கு மாதம் 30 ரூபாய் என்பது பல கம்பெனிகளில் வழங்கிய விலை. அதற்கு மேல் பாட்டுக்குத் தனிக்காசு. நண்பரை அழைக்கும்போது கேட்கும் பாட்டு பிடித்திருந்தால் நட்சத்திரக் குறியை அழுத்துமாறு ஒரு குரல் சொல்லும், அழுத்தியவர் சந்தாதாரராகிவிடுவார். முன்பின் தெரியாத ஐந்தாறு இலக்க எண்ணிலிருந்து அழைப்பு வரும். ராசிபலனோ சாமி பாட்டோ கிரிக்கெட் செய்தியோ வேண்டுமானால் ஒன்றை அழுத்தச் சொல்லும். இவற்றைக் காட்டிலும் கொடியது, கேட்காமலே திரையில் வந்து விழுந்த ஃப்ளாஷ் செய்தி. அதை விலக்க எண்ணி ஓகே பொத்தானை அழுத்தியவர்கள் எத்தனையோ பேர், தாங்கள் எதற்கோ சம்மதித்துவிட்டதை அறியாமலே சம்மதித்தார்கள். முதல் மாதம் இலவசம் என்று சேர்க்கப்பட்டவருக்கு அடுத்த மாதம் தானாகவே கட்டணம் பிடிக்கப்பட்டது. பேலன்ஸ் போதாதிருந்தால், அடுத்த ரீசார்ஜ் ஏறும் வரை காத்திருந்து பிடிக்கப்பட்டது. விடுதியிலிருந்து ஊருக்குப் பேசுவதற்காகப் போட்ட பத்து ரூபாயில் மூன்று ரூபாய் அழைக்கும் முன்பே மறைந்திருந்தால், ஷிப்டு முடிந்து வந்த பெண் எந்தச் சபையில் போய் வழக்காடுவாள்? தொகையின் சிறுமையே இவ்வியாபாரத்துக்குக் கோட்டையாக நின்றது. ஒருவரிடம் மூன்று ரூபாய் என்பது கோடிப் பேரிடம் மூன்று கோடி.

இது நம் நாட்டோடு நின்ற அநியாயமும் அன்று. அமெரிக்காவில் மாதம் 9.99 டாலர் வீதம், கேட்டறியாத குறுஞ்செய்திச் சந்தாக்களைப் பில்லில் ஏற்றியதற்காக, 2014-இல் ஏ.டி. அண்ட் டி. 105 மில்லியன் டாலரும் டி-மொபைல் 90 மில்லியன் டாலரும் கொடுத்து வழக்குகளைத் தீர்த்துக்கொண்டன. நம் நாட்டில், 2007-இல் ஒளிபரப்பான ‘கௌன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியின் குறுஞ்செய்திப் போட்டியில் செய்திக்கு 2.40 ரூபாய் வாங்கி, அதிலிருந்தே பரிசு கொடுத்ததாக எழுந்த வழக்கில், தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் ஒரு கோடி ரூபாய் தண்டத் தொகை விதித்தது. போதிய ஆதாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் அத்தீர்ப்பை ரத்து செய்தது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பிறப்பித்த உத்தரவுகளை வரிசையாகப் பார்த்தால், நழுவிய ஒன்றைத் திரும்பத் திரும்பப் பிடிக்க முயலும் பிரயாசை தெரிகிறது. 2012 ஜனவரியில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், ரீசார்ஜ் கூப்பன்களுக்கு வகைக்கொரு நிறம் வகுத்ததோடு, முன்பணச் சந்தாதாரர் கேட்டால் 50 ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில் விவரக் கணக்குத் தரவேண்டும் என்றும் சொல்லின. 2013 ஜூலை 10 அன்று வந்த உத்தரவே தலையாயது: எந்தச் சேவையையும் தொடங்குமுன் வாடிக்கையாளரின் சம்மதத்தை இரண்டு முறை பெறவேண்டும், இரண்டாவது சம்மதம் சேவையை விற்பவருடையதல்லாத வேறொரு கணினி வழியாகப் பதிவாகவேண்டும், நிறுத்துவதற்கு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக 155223 என்ற கட்டணமில்லா எண் இருக்கவேண்டும் என்பன அதன் சாரம். அதே வாரத்தில், ஜூலை 14 அன்று, சொல்லை எண்ணிக் காசு வாங்கிய தந்தி சேவை இந்தியாவில் முடிவுற்றது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து பேச்சுக்குத் தனிக் கட்டணமே இல்லை என்றாக்கியபின், மெயின் பேலன்ஸ் என்ற உண்டியல் வற்றியது; அதைக் குறிவைத்த வியாபாரமும் மெலிந்தது. ஆனால் 2020-இல், தவணை தோறும் பணம் தானாகக் கழியும் யு.பி.ஐ. ஆட்டோபே ஏற்பட்டபின், ஒரு ரூபாய்ச் சோதனைச் சந்தா என்று சேர்த்துக்கொள்ளும் செயலி, சில நாளில் நேராக வங்கிக் கணக்கிலிருந்தே நூற்றுக்கணக்கில் எடுத்துக்கொள்ள வழி பிறந்திருக்கிறது. தானாகக் கழியும் தொகையை 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்கவேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ளது. 2023 நவம்பரில் வெளியான மத்திய வழிகாட்டுதல்கள் தடுத்துள்ள, நுகர்வோரை மயக்கும் 13 வகை உபாயங்களில் சந்தாப் பொறியும் ஒன்று. இவை நல்ல விதிகள். ஆனால் அறிவிப்பைப் படித்து, பணம் செலுத்தும் செயலிக்குள் ஆட்டோபே பகுதியைத் தேடி, அதை ரத்து செய்யத் தெரிந்தவருக்கே இவை பயன்படும். வல்லம் வடகாலில் 2024-இல் திறக்கப்பட்ட 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் விடுதியிலும், பிள்ளைப்பாக்கத்தைச் சுற்றியுள்ள வாடகை அறைகளிலும் தங்குகிறவர்களுக்கு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. விவரங்களைச் சொல்லும் முதல் நாளிலேயே இதையும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் செய்து காட்டும் பொறுப்பைத் தொழிலாளர் துறை ஏற்கவேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். அதற்கு ஒருவருக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.